டஸ்கனி கிராமப்புறப் பயணம்: விசா முதல் கடைசி பாட்டில் வரை

ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் ரயிலிலேயே பார்த்துவிடலாம். திராட்சைத் தோட்டம், பாலாடைக்கட்டிப் பண்ணை, குன்றின் மேல் கோட்டைக் கிராமம் என்று போக நினைத்தால் கணக்கே வேறு. பேருந்து குறைவு. கடைகள் மதியம் மூடிவிடும். ஒயின் பண்ணைக்கு முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். இந்த வழிகாட்டி, இந்தியாவிலிருந்து முதன்முறை போகிறவர்களுக்காக, டஸ்கனி மாநிலத்தில் சியெனாவைச் சுற்றியுள்ள பகுதியில் 7 இரவு தங்கும் பயணத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது.

## 1. முதலில் வரைபடத்தைச் சுருக்குங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, 7 நாளில் டஸ்கனி, அம்ப்ரியா, பீட்மாண்ட் என்று மூன்று மாநிலங்களை அடக்கப் பார்ப்பது. வரைபடத்தில் 25 கிலோமீட்டர் என்று தெரிவது குன்றுப் பாதையில் அரை மணிக்கு மேல் ஆகும். ஃப்ளோரன்ஸிலிருந்து சியெனா சுமார் 75 கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். சியெனாவிலிருந்து மொன்டால்ச்சினோ சுமார் 40 கி.மீ.தான், ஆனாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மொன்டால்ச்சினோவிலிருந்து பியென்ஸா அரை மணிக்குச் சற்று மேல். பியென்ஸாவிலிருந்து மொன்டேபுல்ச்சானோ 14 கி.மீ., இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்.

இரண்டு தளங்கள் போதும். முதல் 2 இரவு சியெனா நகரத்திலோ, அதற்கு வடக்கே கியான்டி பகுதியில் ராடா, காஸ்டெல்லினா, கயோலே போன்ற ஓர் ஊரிலோ தங்கலாம். அடுத்த 5 இரவு தெற்கே வால் டோர்ச்சா பள்ளத்தாக்கில், சான் குய்ரிக்கோவுக்கும் பியென்ஸாவுக்கும் இடையில் ஒரு பண்ணை வீடு. அங்கிருந்து மொன்டால்ச்சினோவும் மொன்டேபுல்ச்சானோவும் காலையில் போய் மதியம் திரும்பிவிடும் தூரம். தினமும் பெட்டி கட்டிக் கிளம்பும் பயணத்தில் பாதி நாள் அறையைக் காலி செய்வதிலும் புது அறைக்காகக் காத்திருப்பதிலும் போய்விடும்.

## 2. தேதி: எந்த வாரம் போகக் கூடாது

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை பச்சை வயல். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் வரை அறுவடைக் காலம். இரண்டும் நல்ல காலம். திராட்சை பறிக்கும் வாரங்களில் பண்ணைக்காரர்களுக்கு ஓயாத வேலை, சில சிறிய பண்ணைகள் விருந்தினரை எடுப்பதில்லை. புது ஆலிவ் எண்ணெய் வேண்டுமானால் நவம்பரில் போங்கள். ஆனால் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை கிராம உணவகங்களும் பண்ணை வீடுகளும் பல மூடியிருக்கும்.

தவிர்க்க வேண்டியவை: ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய இரண்டு வாரம் (இத்தாலியர்கள் மொத்தமாக விடுமுறையில் போகும் காலம்), ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 ஆகிய அரசு விடுமுறைகளை ஒட்டிய வார இறுதிகள். ஜூலை 2, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் சியெனாவில் பாலியோ குதிரைப் பந்தயம். பந்தயம் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி, இல்லையென்றால் அந்த நாள்களில் அங்கே அறை தேடாதீர்கள்.

## 3. தங்குமிடம்: விசாவுக்கு முன்பே

பண்ணை வீட்டுத் தங்குமிடத்துக்கு அங்கே அக்ரிடூரிஸ்மோ என்று பெயர். உண்மையில் விவசாயம் நடக்கும் பண்ணைதான் இந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம், அதற்குச் சட்டமே இருக்கிறது. சமையலறையோடு வரும் வீடு என்றால் உணவுச் செலவு பாதியாகக் குறையும், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையும் குறையும்.

பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை:

குறைந்தபட்சம் எத்தனை இரவு? பருவ காலத்தில் 2 அல்லது 3, ஜூலை ஆகஸ்டில் பல பண்ணைகள் சனி முதல் சனி வரை மட்டுமே தரும். கடைசிச் சுத்தப்படுத்தும் கட்டணம் தனியா? ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஹீட்டர் கட்டணம் தனியா? இது பலருக்கு அதிர்ச்சி தரும், மீட்டர் பார்த்துப் பணம் வாங்கும் வீடுகள் உண்டு. இரவு எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும்? இரவு 8-க்கு மேல் சாவி கொடுக்க ஆள் இல்லாத வீடுகள் நிறைய. வீட்டுக்குப் போகும் கடைசி 2 கிலோமீட்டர் தார்ச்சாலையா, வெள்ளைச் சரளை மண் சாலையா?

ஊராட்சி வாங்கும் தங்கும் வரி, ஆளுக்கு இரவுக்குச் சில யூரோ, அறை வாடகையில் சேராது. பெரும்பாலும் ரொக்கமாகக் கேட்பார்கள். விளம்பரத்தில் சி.ஐ.என். என்ற தேசியப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஜனவரி முதல் வாடகை வீடுகள் அதைக் காட்ட வேண்டும். எண்ணே இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

விசா வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுங்கள். உறுதிக் கடிதத்தில் வீட்டின் முகவரி, நுழையும் தேதி, வெளியேறும் தேதி, உங்களோடு வரும் எல்லோருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் பதிவு செய்துவிட்டு மற்றவர்கள் விசா மையத்தில் தவிப்பது அடிக்கடி நடக்கிறது.

## 4. ஷெங்கன் விசா

இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கு இந்த ஒரே விசாதான். பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. முடிவு சொல்ல விதிப்படி 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே சிரமம். பயணத்துக்கு மூன்று நான்கு மாதம் முன்பே நேரத்தைப் பிடித்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் குறைந்தவருக்கு இல்லை. 2024 ஜூன் முதல் இந்தத் தொகை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் பணம் திரும்பாது.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறிய பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். அதனுடன் 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல் நகல், வேலையிடத்தின் விடுப்புக் கடிதம், போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுக்குமான தங்குமிடம், நாள்வாரிப் பயணத் திட்டம். காப்பீடு ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்ல வேண்டும், இத்தாலிக்கு மட்டும் எடுத்தால் போதாது.

பொறிகள் இரண்டு. ஒன்று, தங்குமிடத்தில் ஓர் இரவு விட்டுப்போவது. விமானம் இறங்கும் நாளையும் ஏறும் நாளையும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பாருங்கள். இரண்டு, பாரிஸையும் சேர்த்துப் போகிறவர்கள் எந்த நாட்டில் விண்ணப்பிப்பது என்பதில் குழம்புவது. அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாடு. இரண்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. கணக்குக்கு வந்த திடீர்ப் பெருந்தொகை விளக்கமில்லாமல் இருந்தாலும் சந்தேகம் வரும். அது எங்கிருந்து வந்தது என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

## 5. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி

இந்திய உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இத்தாலியில் ஓட்டக் கூடாது, பன்னாட்டு அனுமதியும் கையில் வேண்டும். சாரதி இணையதளத்தில் படிவம் 4ஏ நிரப்பி, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், செல்லுபடி ஓராண்டு. பாஸ்போர்ட், விசா நகல்கள் கேட்பார்கள் என்பதால் விசா வந்த உடனே போடுங்கள். கடைசி வாரத்துக்கு விட்டால் கைக்கு வராமல் போகலாம். அனுமதிப் புத்தகமும் அசல் உரிமமும் சேர்ந்தால்தான் செல்லும். பணத்தை வாங்கிக்கொண்டு இணையத்தில் 'பன்னாட்டு உரிமம்' அச்சடித்துத் தரும் தனியார் தளங்களின் அட்டைக்கு மதிப்பில்லை.

## 6. கார் வாடகை

சியெனாவிலோ ஃப்ளோரன்ஸிலோ நகர மையத்தில் காரை எடுக்காதீர்கள். ஃப்ளோரன்ஸ் விமான நிலையத்தில் எடுத்து அங்கேயே விடுங்கள். ரயில் நிலையப் பக்கத்திலிருந்து டிராம் அங்கே போகிறது. ஊருக்குள் இருக்கும் நாள்களுக்குக் கார் தேவையே இல்லை.

இத்தாலியில் பெரும்பாலும் கியர் வண்டிதான். ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் இரண்டு மூன்று மாதம் முன்பே பதியுங்கள், விலையும் கூடும். சிறிய வண்டியே நல்லது. கிராமத் தெருக்களும் வாகன நிறுத்தங்களும் குறுகலானவை. இடது பக்க ஸ்டியரிங், வலது பக்கச் சாலை. முதல் நாள் மாலையில் இருட்டிய பிறகு ஓட்டத் தொடங்காதீர்கள்.

முன்பணத்தைப் பிடித்துவைக்க, ஓட்டுபவரின் பெயர் உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். மனைவி ஓட்டுகிறார், கணவர் கார்டு என்றால் சாவி கிடைக்காது. டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. பல நூறு யூரோ, சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் பிடித்துவைப்பார்கள் என்பதால் கார்டு வரம்பில் அவ்வளவு இடம் விட்டுவையுங்கள். அடிப்படைக் காப்பீட்டில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் பெரும்பாலும் சேராது. வால் டோர்ச்சாவின் வெள்ளைச் சாலைகளில் அடிபடுவதும் இந்த மூன்றும்தான். இந்தப் பயணத்துக்கு முழுக் காப்பீடு எடுப்பது வீண் செலவில்லை. எடுக்கும்போதும் விடும்போதும் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துவையுங்கள், சக்கரங்களையும் பெட்ரோல் முள்ளையும் சேர்த்து.

## 7. சாலையில் பணம் பறிபோகும் இடங்கள்

இசட்.டி.எல். (வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி). பழைய நகர மையங்கள் உள்ளூர் வண்டிகளுக்கு மட்டுமே. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை, பக்கத்தில் கேமரா. மின்பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்றிருந்தால் தடை அமலில் இருக்கிறது, நுழையாதீர்கள். 'அத்தீவோ' என்றால் 'திறந்திருக்கிறது' என்று நினைத்து உள்ளே போகிறவர்கள்தான் அதிகம், பொருள் நேர்மாறு. 'நோன் அத்தீவோ' என்றால் போகலாம். ஜி.பி.எஸ். இந்தத் தடையைச் சொல்லும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம், அதே வாசலில் தவறிப் போய்த் திரும்பி வந்தால் இரண்டு. கோட்டைச் சுவருக்கு வெளியே உள்ள வாகன நிறுத்தத்தின் பெயரையே ஜி.பி.எஸ்.ஸில் இலக்காகப் போடுங்கள். அறை ஊருக்குள் இருந்தால், வண்டி எண்ணை விடுதி பதிவு செய்து அனுமதி வாங்கித் தருமா என்று முன்னரே கேளுங்கள்.

வாகன நிறுத்தம். வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் உங்களுக்கில்லை. வெள்ளைக் கோட்டிலும் நேர வரம்புப் பலகை இருந்தால் வந்த நேரத்தைக் காட்டும் அட்டையைக் கண்ணாடிக்குப் பின் வைக்க வேண்டும். அட்டை காரிலேயே இருக்கும்.

வேகம், சுங்கம். நெடுஞ்சாலை 130, ஊருக்கு வெளியே சாதாரணச் சாலை 90, ஊருக்குள் 50. பலகை வேறு சொன்னால் பலகைதான் சட்டம். ஃப்ளோரன்ஸ் சியெனா இணைப்புச் சாலைக்குச் சுங்கமில்லை. ஏ1 நெடுஞ்சாலையில் நுழையும்போது சீட்டு எடுத்து வெளியேறும்போது கட்ட வேண்டும். 'டெலிபாஸ்' என்று மட்டும் எழுதிய மஞ்சள் தடத்தில் நுழையாதீர்கள், அது தானாகச் சுங்கம் கழிக்கும் கருவி பொருத்திய வண்டிகளுக்கு.

பெட்ரோல். 'சேர்வீத்தோ' வரிசையில் ஆள் வந்து போடுவார், லிட்டருக்கு விலை கூட. 'ஃபாய் தா தே' என்றால் நீங்களே போட்டுக்கொள்வது. பெட்ரோலுக்கு பென்ஸீனா, டீசலுக்கு கசோலியோ. பென்ஸீனா என்பதை டீசல் என்று நினைத்து மாற்றிப் போட்டால் எந்தக் காப்பீடும் காப்பாற்றாது.

## 8. ஒயின்: யார் ஓட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சட்ட வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். 21 வயது நிரம்பாதவருக்கும், உரிமம் பெற்று 3 ஆண்டு ஆகாதவருக்கும் பூஜ்யம். ஒரு டேஸ்டிங்கில் (பண்ணையில் ஒயின்களைச் சுவைத்துப் பார்க்கும் அமர்வு) ஐந்து ஒயின், ஒவ்வொன்றும் 40 மில்லி என்று வையுங்கள், மொத்தம் 200 மில்லி. டஸ்கனிச் சிவப்பு ஒயின் 14 விழுக்காட்டை எளிதாகத் தொடும். அதாவது 22 கிராமுக்கு மேல் ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள ஒருவரை அதுவே வரம்புக்கு மேல் தள்ளப் போதும். கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குடித்தோம் என்று யோசிக்கக் கூடாது.

வழிகள் நான்கு. ஒருவர் அந்த நாள் முழுக்கக் குடிக்காமல் ஓட்டலாம். ஓட்டுபவர் வாயில் வைத்துத் துப்பிவிடலாம். துப்பும் பாத்திரம் மேசையில் இருக்கும், கேட்டால் தருவார்கள், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. அரை நாளுக்கு ஓட்டுநரோடு வண்டி எடுக்கலாம், சில நூறு யூரோ ஆகும், நான்கு பேர் பகிர்ந்தால் தாங்கும். நான்காவது, நடந்தே போகும் தூரத்தில் தங்குவது. மொன்டேபுல்ச்சானோவில் பழைய மாளிகைகளுக்கு அடியிலேயே ஒயின் பாதாள அறைகள் இருக்கின்றன, வண்டியே வேண்டாம். கிராமங்களில் கைப்பேசியில் தட்டி டாக்ஸி வரவழைக்கலாம் என்று எண்ணாதீர்கள்.

பண்ணைக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். எத்தனை பேர், எந்த மொழி, யார் குடிக்க மாட்டார், சாப்பாடு வேண்டுமா என்று எழுதினால் போதும். ஆளுக்கு 25 முதல் 50 யூரோ வரை வழக்கம், பெயர்பெற்ற பண்ணைகளில் கூடும். ஞாயிறு பல இடங்களில் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள்: காலை 11-க்கு ஒன்று, மாலை 4-க்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போகும். மூன்றாவதில் நாக்கு எதையும் பிரித்தறியாது. வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் மணம் கெடும்.

குழம்பும் பெயர்களைத் தெரிந்துகொண்டு போங்கள். மொன்டால்ச்சினோவின் புருனெல்லோ முழுக்க சாஞ்சோவேசே திராட்சை. அறுவடைக்கு ஐந்தாவது ஆண்டின் ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும். அதனால் 2021 அறுவடை 2026-இல். அந்த விலை தாங்காதென்றால் அதே பண்ணையின் ரோஸ்ஸோ தி மொன்டால்ச்சினோவைக் கேளுங்கள். அதே திராட்சைதான், இளமையாக, பாதி விலைக்கும் குறைவாகவே கிடைக்கும். தினச் சாப்பாட்டுக்கு அதுதான் சரியான தேர்வு. மொன்டேபுல்ச்சானோ ஊரின் வீனோ நோபிலேயும் பெரும்பாலும் சாஞ்சோவேசேயே. மொன்டேபுல்ச்சானோ தப்ரூத்ஸோ என்பது வேறு மாநிலத்தில் விளையும் வேறு திராட்சை. கியான்டி கிளாசிக்கோ பாட்டில் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும், வெறும் 'கியான்டி'யில் இருக்காது. வெள்ளை விரும்பிகளுக்கு சான் ஜிமிஞானோவின் வெர்னாச்சா.

## 9. சாப்பாடு: நேரமும் சொற்களும்

மதியம் 12.30 முதல் 2.30, இரவு 7.30-க்கு மேல். மூன்று மணிக்குப் பசித்தால் பாரில் சாண்ட்விச்தான் கிடைக்கும். ஒவ்வோர் உணவகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, ஊருக்கு ஊர் மாறும். எந்த நாள் எந்த ஊர் என்று முடிவு செய்யுமுன் அதைப் பாருங்கள். வெள்ளி, சனி இரவுக்கும் ஞாயிறு மதியத்துக்கும் முன்பதிவு கட்டாயம். ரசீதில் ஆளுக்கு 2 முதல் 4 யூரோ 'கொப்பெர்த்தோ' இருக்கும். அது ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம், ஏமாற்று இல்லை. டிப்ஸ் கட்டாயமில்லை.

முன்னுணவு, ப்ரீமோ (பாஸ்தா அல்லது சூப்), செகோந்தோ (இறைச்சி அல்லது மீன்), காய்கறி, இனிப்பு என்று ஐந்தையும் ஒருவரே சாப்பிட வேண்டியதில்லை. ஒரு ப்ரீமோவும் ஒரு காய்கறியும் போதும் என்றால் அதையே சொல்லுங்கள்.

சாப்பிட வேண்டியவை: மாவும் தண்ணீரும் சேர்த்துக் கையால் உருட்டும் தடித்த பீச்சி நூடுல்ஸ், அதை வால்திகியானா பள்ளத்தாக்கின் பெரும்பூண்டும் தக்காளியும் சேர்த்து. கறுப்புக் கோஸும் பீன்ஸும் பழைய ரொட்டியும் வேகும் ரிபொல்லீத்தா. தக்காளியும் ரொட்டியும் குழைந்த பாப்பா அல் பொமொதோரோ. பியென்ஸாவின் செம்மறியாட்டுப் பால் பாலாடைக்கட்டி பெக்கொரீனோவை இளசு, நடு, முதிர்ந்தது என்று மூன்றையும் வரிசையாகச் சுவைத்துப் பாருங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது, உப்பேறிய பாலாடைக்கட்டியோடு சேரும்போது அது ஏன் என்று புரியும். பிஸ்தெக்கா என்ற மாட்டிறைச்சித் துண்டு எடையில் விலை போட்டது, ஒன்று ஒரு கிலோவைத் தாண்டும். பட்டியலில் உள்ள விலை 100 கிராமுக்கா கிலோவுக்கா என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'வெஜெதாரியானோ' என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. பீன்ஸ் சூப்பில் பன்றிக் கொழுப்பு தாளித்திருக்கலாம், சாஸில் நெத்திலி கரைந்திருக்கலாம். 'நியென்தே கார்னே, நியென்தே பெஷ்ஷே, நியென்தே ப்ரோதோ தி கார்னே' என்று சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருளால்தான் உறையும், விதியே அப்படி. பெக்கொரீனோவும் பெரும்பாலும் அப்படித்தான். 'கால்யோ வெஜெதாலே' என்று அட்டையில் எழுதியிருந்தால் தாவர உறைபொருள். முட்டை சேர்க்காதவர்களுக்கு பீச்சி வழக்கமாகப் பாதுகாப்பு, தாலியாதெல்லே முட்டை மாவு.

## 10. ஒரு நாளின் வடிவம்

காலை 9-க்கு ஊர் பார்ப்பது, 11-க்கு பண்ணை, 1-க்குச் சாப்பாடு, 3 முதல் 5 வரை ஓய்வு (இரண்டாவது டேஸ்டிங் இல்லாத நாளில்), மாலை ஒரு காட்சியிடம். மொன்டால்ச்சினோ நாளில் அருகிலுள்ள சான்தாந்திமோ மடாலயம். பியென்ஸா நாளில் சைப்ரஸ் மரங்களுக்கு இடையிலுள்ள வித்தலேத்தா சிற்றாலயம். இன்னொரு மாலை பாஞ்ஞோ வின்யோனி. அங்கே ஊர்ச் சதுக்கமே வெந்நீர்க் குளம், அதில் இறங்கக் கூடாது. கீழே வழியும் நீரில் கால் நனைக்கலாம். ஒரு நாளை முழுதாகக் காலியாக வையுங்கள், மழைக்கோ களைப்புக்கோ அது உதவும்.

இருவருக்கு 7 இரவுக்கு, விமானமும் விசாவும் தவிர்த்து, ஒதுக்க வேண்டியது: அறைக்கு இரவுக்கு 100 முதல் 160 யூரோ, முழுக் காப்பீட்டோடு காருக்கு வாரத்துக்கு 500 முதல் 700, சாப்பாட்டுக்கு நாளுக்கு 80 முதல் 110, டேஸ்டிங் நான்குக்கு 200 முதல் 400. கார்டு எந்திரம் 'ரூபாயிலா யூரோவிலா' என்று கேட்டால் யூரோ என்றே தட்டுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் இழப்பீர்கள்.

## 11. வாங்கி வருவது

இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் மதுவரை தீர்வை இல்லை, அதாவது 750 மில்லி பாட்டிலில் இரண்டு. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் சரக்குப் பெட்டியில் மட்டும். எண்ணெயைத் தகர டப்பாவில் வாங்குங்கள். பண்ணையிலிருந்து வீட்டுக்கு அனுப்பித் தருவதாகச் சொன்னால், அனுப்பும் செலவோடு இங்குள்ள சுங்கத் தீர்வையையும் கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பகுதி திரும்பும். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் கடைசி விமான நிலையத்தில், பெட்டியை ஒப்படைக்கும் முன், சுங்க ஒப்புதல் வாங்க வேண்டும். பெட்டி போன பிறகு கேட்டால் பொருளைக் காட்டு என்பார்கள்.

## 12. ஊர் திரும்பிய பிறகு

கார் நிறுவனம் கார்டிலிருந்து 30, 50 யூரோ எடுத்தால் அது அபராதம் அல்ல, உங்கள் முகவரியைக் காவல் துறைக்குக் கொடுத்ததற்கான கட்டணம். அபராதக் கடிதம் பின்னால் வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. கடிதம் கைக்கு வந்து 5 நாளுக்குள் கட்டினால் பெரும்பாலானவற்றில் 30 விழுக்காடு குறையும். அதனால் உறை வந்த தேதியைக் குறித்துவைத்து, கடிதத்தில் உள்ள இணைய முகவரியிலேயே கட்டி, ரசீதைச் சேமித்துவையுங்கள்.